அடைவுநிலை 2: பெற்றோர் கேட்க வேண்டியது என்ன?

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான தேர்வுகள் 2019-இல் அகற்றப்பட்டன. யுபிஎஸ்ஆர் 2021-இல் நீங்கியது. தொடக்க ஆண்டுகளில் பிள்ளையின் நிலையைக் காட்டுவது இப்போது வகுப்புசார் மதிப்பீடுதான். வாசிப்பு, பயிற்சி, கேள்வி பதில் ஆகியவற்றைக் கவனித்து, ஆசிரியர் 1 முதல் 6 வரை அடைவுநிலை வழங்குகிறார். 2 என்றால் பாடம் புரிகிறது, செய்துகாட்ட இன்னும் வரவில்லை என்று பொருள்.

அதைப் பதிவதோடு வேலை முடிவதில்லை. தடுமாறும் இடத்தைக் கண்டறிந்து, மறுபடியும் கற்பித்து, மீண்டும் சோதித்துப் பார்த்தால்தான் மதிப்பீட்டுக்குப் பயன்.

வசதியுள்ள பிள்ளையின் குறையை டியூஷன் ஈடுகட்டலாம். டியூஷனுக்கு வழியில்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு கதி இல்லை.

அடைவு அறிக்கையில் கையெழுத்திடும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள்: “பிள்ளை எங்கே தடுமாறுகிறது? பள்ளியில் என்ன செய்கிறீர்கள்? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?”