கன்டெய்னர் வித்தை யாருக்கு?

போடி ஏலக்கூடத்தில் கம்ப்யூட்டர் ஏலம் 2007-லேயே வந்துவிட்டது. 2021 ஜனவரியில், போடியையும் மலைக்கு அப்பாலுள்ள புத்தடியையும் ஒரே நேரத்தில் இணைக்கும் ‘கிளவுட்’ ஏலத்தை ஸ்பைசஸ் போர்டு துவக்கியது. கிளவுட் என்றால் மேகமல்ல. எங்கோ ஒரு கட்டிடத்தில் அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்கள். நாம் பறித்த காயின் விலை அவற்றின் வழியே போய் வருகிறது. அந்த வித்தை நமக்கு வேண்டாமா?

இணையதளங்களை நடத்த உலகெங்கும் இன்று பரவியுள்ள முறைக்கு ‘கன்டெய்னர்’ என்று பெயர். அது என்ன? எஸ்டேட் லயத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே கூரை, உள்ளே வரிசையாக அறைகள், அறைக்கு அறை தனி அடுப்பு, தனிப் பானை. அதுபோல ஒரே கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டிய சாமான்களோடு தனி அறையில் ஓடும். ஒன்றின் சாமான் மற்றதோடு கலக்காது. மூட்டை கட்டி வேறு கம்ப்யூட்டரில் இறக்கினாலும் அப்படியே வேலை செய்யும். ஆனால் கூரை பொது. கூரை ஒழுகினால் எல்லா அறையும் நனையும். ஆகவே காவலும் வேண்டும்.

2013-ல் வெளிவந்த ‘டாக்கர்’ இந்த வேலையை எளிதாக்கியது. அதன் மூல நிரலும், அது நிற்கும் லினக்ஸும் யாரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் விடப்பட்டவை. ஒரு பழைய லேப்டாப் போதும், பழகலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே கற்க வேண்டும்: அறையை அழித்தால் அதற்குள் வைத்த கணக்கும் அழியும். கணக்கேட்டை ‘வால்யூம்’ என்னும் வெளிப்பெட்டியில் வைத்து, நகலும் எடுக்க வேண்டும்.

இந்தப் பெயரே துறைமுகத்திலிருந்து வந்தது. 1956-ல் அமெரிக்காவில் 58 அலுமினியப் பெட்டிகளோடு ஒரு கப்பல் புறப்பட்டது. பின்னர் உலகத் துறைமுகங்களில் மூட்டை சுமந்த ஆயிரமாயிரம் பேருக்கு வேலை போயிற்று. குற்றம் பெட்டியுடையதா? இல்லை. பெட்டி யார் கையில் இருந்தது என்பதே கேள்வி. 1960-ல் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலிருந்த அமெரிக்க மேற்குக்கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம், இயந்திரம் தரும் லாபத்தில் பங்கு கேட்டு ஒப்பந்தம் கண்டது. சங்கம் இருந்த இடத்தில் பங்கும் கிடைத்தது.

நமது நிலை என்ன? விடியுமுன் ஜீப்பேறி மெட்டு கடந்து காய் எடுக்கப் போகிறோம். எத்தனை நாள் வேலை, எவ்வளவு அட்வான்ஸ், எவ்வளவு பாக்கி? இவை எல்லாம் கூலி கொடுப்பவர் நோட்டில் மட்டும் இருந்தால், தகராறு வரும் நாளில் நமக்குச் சாட்சி ஏது?

போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகள், கற்றதைக் கம்பெனிச் சம்பளத்துக்கு மட்டுமா செலவிட வேண்டும்? செல்போனில் தினம் வேலை நாளைப் பதியும் ஒரு சிறு தளத்தைக் கட்டட்டும். அதைக் கன்டெய்னரில் வைத்துச் சங்கத்துக்குக் கொடுக்கட்டும். போடியில் ஓடுவது கம்பத்திலும் ஓடும். மில் வாசலிலும் ஓடும்.

கம்ப்யூட்டர் தானாகக் கூலியை உயர்த்தாது. அதற்குச் சங்கம்தான் வழி. ஆனால் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவன் வாயை எவராலும் எளிதில் அடைக்க முடியாது. பிள்ளைகளே, கற்றுக்கொள்ளுங்கள்! தோழர்களே, கற்பவர்களைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்!