பாதியில் கைவிட்டால்தான் செலவு அதிகம்

கலிஃபோர்னியா புல்லட் ரயில் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மவர்களிடம் ஒரு கேலி தயாராக இருக்கும். "சீனாக்காரன் பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கிலோமீட்டரை மூணு வருஷத்துல போட்டு முடிச்சுட்டான். இவங்க பத்து வருஷமா தூண் நட்டுக்கிட்டு இருக்காங்க. இழுத்து மூடிட வேண்டியதுதானே?" கோபம் நியாயமானது. ஆனால் இழுத்து மூடுவது அதற்கு மருந்தல்ல.

கணக்கைப் பார்ப்போம். 2008 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் இந்தத் திட்டத்துக்காக 9.95 பில்லியன் டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 2 மணி 40 நிமிடம், மொத்தச் செலவு சுமார் 33 பில்லியன், 2020-ல் ரயில் ஓடும் என்பது அன்றைய பேச்சு. அடிக்கல் நாட்டவே 2015 ஜனவரி ஆனது. 2019-ல் கவர்னர் நியூசம், இப்போதைக்கு மெர்செட்–பேக்கர்ஸ்ஃபீல்டு வரைதான் என்று சுருக்கினார். முழுத் தடத்துக்கும் 128 பில்லியன் வரை ஆகலாம் என்று ரயில் ஆணையத்தின் 2024 திட்ட அறிக்கையே சொல்கிறது.

ஏன் இப்படி ஆச்சு? அமெரிக்கர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாதா? அதெல்லாம் இல்லை. மத்தியப் பள்ளத்தாக்கில் முதல் 119 மைலுக்கே 2,000-க்கும் மேற்பட்ட நிலத் துண்டுகளை வாங்க வேண்டியிருந்தது. ஒபாமா காலத்து ஊக்க நிதியை 2017-க்குள் செலவழித்தாக வேண்டும் என்ற கெடு வேறு. அதனால் நிலம் கைக்கு வருவதற்கு முன்பே ஒப்பந்தம் போட்டு வேலையை ஆரம்பித்தார்கள். மனை பத்திரம் ஆவதற்கு முன்பே மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தினமும் கூலி கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. மாநிலத் தணிக்கையாளரும் 2018-ல் இதைத்தான் குற்றமாகச் சொன்னார்.

இந்தக் கதை நமக்குப் புதுசும் இல்லை. சென்னையில் வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில் பாதை வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கம் பக்கம் கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் சிக்கி 15 வருஷத்துக்கு மேல் இழுத்தது. அங்கேயும் தடையாக நின்றது நிலமும் இழப்பீடும்தான்.

சரி, செலவு எகிறிவிட்டால் நிறுத்திவிட வேண்டுமா? ஜப்பான் நிறுத்தவில்லை. 1964-ல் ஓடத் தொடங்கிய முதல் ஷிங்கான்செனின் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் திறப்பு விழாவுக்கு முன்பே பதவியை விட்டுப் போக வேண்டி வந்தது. தவறுக்குப் பொறுப்பேற்க வைத்தார்கள், ஆனால் ரயிலைக் கைவிடவில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நியூ ஜெர்சிக்காரர்களிடம் கேளுங்கள். எடிசனிலிருந்து நியூயார்க் போகும் ரயில், ஹட்சன் ஆற்றுக்கு அடியில் 1910-ல் திறந்த சுரங்கத்தில்தான் இன்றும் போகிறது. புதுச் சுரங்கத்துக்கான திட்டத்தை, 8.7 பில்லியன் எகிறிவிடும் என்று சொல்லி 2010 அக்டோபரில் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி ரத்து செய்தார். இரண்டே வருஷத்தில் சாண்டி புயலின் உப்புத் தண்ணீர் பழைய சுரங்கத்துக்குள் புகுந்தது. இப்போது கட்டும் சுரங்கத்தின் மதிப்பு 16 பில்லியன், இலக்கு 2035. இரண்டும் அச்சு அசலாக ஒரே திட்டம் இல்லைதான். ஆனால் அன்று மிச்சம் பிடித்ததாகச் சொன்ன பணம் எங்கே போனது?

டெக்சஸில் நிலைமை இன்னும் மோசம். டாலஸ்–ஹூஸ்டன் 240 மைலை 90 நிமிடத்தில் கடக்கும் தனியார் ரயிலுக்கு, நிலம் எடுக்கும் உரிமை உண்டு என்று 2022-ல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் பணம் இல்லை. ஒரு அடி தண்டவாளம்கூட விழவில்லை. கலிஃபோர்னியாவிலோ 2025-ல் டிரம்ப் அரசு 4 பில்லியன் மானியத்தைத் திரும்பப் பெற்றது.

இதனால் நமக்கு என்ன? ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அம்மா அப்பாவைக் கேட்டால் தெரியும். மதுரையில் தனியாக பஸ் ஏறிப் போய் வருகிறவர்கள், இங்கே யாராவது கார் எடுக்கும் வரை வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நாமும் ஒருநாள் ஸ்டியரிங் பிடிக்க முடியாத வயதுக்கு வருவோம். நம் பிள்ளைகள் வேறு ஊரில் இருப்பார்கள்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். நிலம் கைக்கு வராமல் புது ஒப்பந்தம் போடாதே. வருஷா வருஷம் நிச்சயமான நிதி ஒதுக்கு. 2045 வரை ஆண்டுக்கு 1 பில்லியன் என்று கலிஃபோர்னியா 2025-ல் எடுத்த முடிவு சரியான வழி. முடிந்த பகுதியை உடனே மக்கள் பயன்பாட்டுக்குக் கொடு. புல்லட் ரயில் நிதியின் ஒரு பங்கில் மின்மயமான கால்ட்ரெயின், 2024 செப்டம்பரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ–சான் ஹோசே இடையே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நமக்கும் ஒரு கேள்வி உண்டு. ஃப்ரீமான்ட்டிலோ பிளேனோவிலோ எடிசனிலோ ரயில் பாதை பற்றி நகர மன்றத்தில் விவாதம் வந்தால், "என் வீட்டுப் பக்கம் வேண்டாம்" என்று சொல்லத்தான் கூட்டம் சேர்கிறது. வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. குடியுரிமை உள்ளவர்கள் ஓட்டுப் போடலாம். இல்லாதவர்களும் எழுந்து நின்று பேசலாம். வாட்ஸ்அப்பில் சீனா வீடியோவை அனுப்புவதைவிட, அந்த இரண்டு நிமிடப் பேச்சுக்குப் பலன் அதிகம்.