கண் வறட்சி: வரவு ஊசிக்கா, விரலுக்கா?

ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிவார்கள். "மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது" என்பதுதான் எல்லோருடைய புகாரும். செல்போனே கதி என்று கிடக்கும் நம்ம கோஷ்டிக்குக் காற்று கூடத் தேவையில்லை, இமைக்க மறந்தாலே போதும் :-)

இந்த வறட்சிக்கு அக்குபங்சரோடு இமை மசாஜையும் சேர்த்துச் செய்கிறார்கள். எங்கள் பக்கம் இது சுலபமாக எடுபடும். கம்பத்தில் அக்குபங்சர் சொல்லித்தரும் அகாடமியே இருக்கிறது. ஊசியே போடாமல் விரலால் தொடும் முறையும் இங்கே பழகியதுதான்.

பி.காம். படிக்கிறவனுக்கு வரும் சந்தேகம் இது: குணமானால் வரவை யார் கணக்கில் எழுதுவது?

மசாஜ் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்த விஷயம். மேல் இமையின் ஓரத்தில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மைபோமியன் சுரப்பிகள் என்று பெயர். இவை தரும் எண்ணெய்ப் படலம்தான் கண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டால் வறட்சி. வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய கண்மேல் பத்து நிமிடம் வைத்து, மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவினால் அடைப்பு இளகும். விழியை மட்டும் அழுத்தக் கூடாது. கண் மருத்துவர்களும் முதலில் சொல்வது இதைத்தான். செலவு, கொஞ்சம் வெந்நீர்.

ஊசியையும் இதையும் ஒன்றாகச் செய்தால் பேர் என்னவோ ஊசிக்குத்தான் போகிறது. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 500-க்கும் மேற்பட்ட கண் வறட்சிக்காரர்களில் ஒரு பிரிவுக்கு மீன் எண்ணெய் மாத்திரையும், இன்னொரு பிரிவுக்கு அதே போலத் தெரியும் ஆலிவ் எண்ணெய் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் இரண்டு பிரிவுக்குமே உறுத்தல் குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை! அதனால் வெறும் மசாஜையும், மசாஜோடு ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஊசியின் பங்கு எவ்வளவு என்று தெரியும்.

பிடித்தவர்கள் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் "சொட்டு மருந்தை நிறுத்து" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வறட்சிக்குப் பின்னால் முடக்குவாதம் இருக்கலாம், குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைவு இருக்கலாம். தேனியிலேயே 1985-இலிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும்போது கண்ணைப் பணயம் வைப்பானேன்?

கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பத்து நொடிக்குள் உடைந்தால் கோளாறு. ஊசிக்கு முன்னும் பின்னும் அதை அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்டினால் நானும் வருகிறேன்.