கேமரன் மலைக்குப் போனால் எதைப் பார்ப்பது?

பள்ளி விடுமுறை வந்தால் போதும், நம் தோட்டத்து மக்களும் பிள்ளைகுட்டிகளோடு கேமரன் மலைக்குக் கிளம்பி விடுகிறோம். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை, வழியில் லாத்தா இஸ்கந்தர் அருவி, தானா ராத்தா குளிர், ஸ்ட்ராபெரிப் பழம், 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையில் பாசி போர்த்திய காடு. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால், தேயிலைச் சரிவின் முன்னே நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பி விடுகிறோமே, அந்தப் பச்சையை விரித்தது யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா?

1885-ல் மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர் ஊருக்கே நிலைத்துவிட்டது. 1929-ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர் ரஸ்ஸல் துரை என்பதும் ஏட்டில் இருக்கிறது. குளிரில் நடுங்கிக் காடு வெட்டி, செடி நட்டு, கூடை சுமந்து கொழுந்தெடுத்த நம்மவர்கள் பெயரை யார் சொல்வது? நாம்தானே சொல்ல வேண்டும்!

இன்று கத்தரியும் இயந்திரமும் கொழுந்து வெட்டுகின்றன. வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் அங்கே பாடுபடுகிறார்கள். அவர்களும் நம் பாட்டன்மாரைப் போல் வயிற்றுப் பிழைப்புக்குக் கடல் தாண்டியும் மலை தாண்டியும் வந்தவர்கள்தாம். படத்துக்காகச் செடியை மிதிக்காதீர்கள். எதிர்ப்பட்டால் ஒரு வார்த்தை அன்பாகப் பேசுங்கள்.

ஸ்ட்ராபெரி வாங்குமுன் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, “இது நம்மவங்க கை பட்ட மலைடா” என்று சொல்லுங்கள். அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.