“யார் செஞ்சது?” என்பதோடு நிறுத்தாதீங்க



மஸ்ஜித் இந்தியா பக்கம் பூஜைச் சாமான் வாங்கப் போனால், நம்மில் பலர் இன்னமும் தரையைப் பார்த்துத்தான் காலெடுத்து வைக்கிறோம். 2024 ஆகஸ்ட் 23 காலையில் அங்கே நடைபாதை உள்வாங்கி, ஆந்திராவிலிருந்து சுற்றுலா வந்த 48 வயது சகோதரி ஒருவர் 8 மீட்டர் ஆழக் குழியில் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்தத் தேடல் நடக்கும்போதே, 28-ஆம் தேதி, சுமார் 50 மீட்டர் தள்ளி இன்னொரு குழி விழுந்தது.

‘யார் பொறுப்பு?’ என்று எல்லோரும் கேட்டோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ‘எப்படி நடந்தது, முன்னாடியே ஏதாவது அடையாளம் தெரிஞ்சுதா?’ என்ற கேள்விதான் அடுத்த உயிரைக் காப்பாற்றும்.

இதை ஊருக்குச் சொல்லும் நாங்களே தவறினோம். நம் ஆலய அன்னதானச் சமையற்கட்டில், சாம்பார் வாளியோடு நடந்த அக்காவின் கால் லோங்காங் மூடியில் சிக்கியது. காலில் வெந்த காயம். ‘இன்னிக்கு லோங்காங் கழுவினது யாரு?’ என்று கேட்டோம். ஒரு தம்பியைத் திட்டினோம். விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

பிறகு உட்கார்ந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது: மூடியின் சட்டம் துருப்பிடித்து இரண்டு வாரமாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று பேருக்குத் தெரியும். ஒருவர் அதன்மேல் வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். ‘எப்பப் பாத்தாலும் குறை சொல்றான்’ என்று பேர் வந்துவிடுமோ என்று யாரும் செயலவையிடம் சொல்லவில்லை. அந்தப் பயத்தை உண்டாக்கியது நாங்கள்தான்.

இப்போது மூடியை மாற்றிவிட்டோம். சூடான பாத்திரத்துக்குத் தனி வழி வைத்தோம். சமையற்கட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. நடந்ததை மட்டுமல்ல, நடக்க இருந்து தப்பியதையும் எழுதலாம். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் படித்து, அன்றே ஒருவர் பொறுப்பேற்கிறார். எழுதியவரை யாரும் கோபிக்கக் கூடாது. தெரிந்தே அலட்சியம் செய்தால் அது வேறு, அதைக் கண்டிப்போம்.

பக்தர்களே, ஆடுகிற கல், தொங்குகிற ஒயர், எதைப் பார்த்தாலும் சொல்லுங்கள். அதுவும் தொண்டுதான்.

அந்தத் தம்பி இன்னும் திரும்பி வரவில்லை. இதைப் படித்தால், தம்பி, தப்பு எங்களுடையது. வாங்க.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்