மேற்கோளின் முகவரி

சீவக சிந்தாமணியை அச்சில் பதிப்பிக்க முற்பட்ட உ.வே. சாமிநாதையருக்கு நச்சினார்க்கினியர் உரை பெருந்துணையாக இருந்தது, பெருந்தொல்லையாகவும் இருந்தது. பழைய நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக்காட்டும் அவ்வுரையாசிரியர், பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவில் பல இடங்களில் நிறுத்திவிடுவார். அப்பிறர் யாவர், அவ்வடி எந்நூலில் உள்ளது என்னும் குறிப்பு இராது. உரை எழுந்த காலத்துக் கற்றோருக்கு அந்நூல்கள் மனப்பாடமாக இருந்தமையால் பெயர் சொல்லும் தேவை எழவில்லை போலும். பின்னாளில் அப்படிப்பு அருகியது. பத்துப்பாட்டு முதலிய நூல்களின் ஏடுகளைத் தேடிப் படித்த பிறகே, உரையில் முகமறியாது நின்ற மேற்கோள்கள் பலவற்றின் பிறப்பிடம் சாமிநாதையருக்குப் புலனாயிற்று. சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. அதன் பின்னணியில் இருந்த உழைப்பில் ஒரு பகுதி, சொல்லாது விடப்பட்ட நூற்பெயர்களைத் தேடியதற்கே செலவாயிற்று.

இதற்கு மாறான சான்றும் தமிழில் உண்டு. முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று படிக்கப்பெறும் 108 பாடல்கள் புறத்திரட்டு என்னும் தொகைநூலின் வழியே கிடைத்தவை. அதைத் தொகுத்தவர் தம் பெயரைக் குறிக்கவில்லை. ஆனால், பாடல்களை எடுத்த நூல்களின் பெயர்களைக் குறித்து வைத்தார். அக்குறிப்பு இல்லையெனில் பாடல்கள் எஞ்சியிருக்கும். முத்தொள்ளாயிரம் என்றொரு நூல் எஞ்சியிராது.

மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்குறிப்பும் துணைநூற் பட்டியலும் பெரும்பாலும் இறுதி நாளில் ஒட்டப்படும் அலங்காரமாகவே அமைகின்றன. மதிப்பெண்ணுக்காகச் செய்யப்படும் சடங்கு என்று அவற்றைக் கருதுவதே இதற்குக் காரணம். உண்மையில் அவை படிப்பவருக்குத் தரப்படும் முகவரி. கட்டுரையை ஐயுறுபவர் மூலநூலைத் திறந்து, அதே வரியைத் தம் கண்ணால் காண வேண்டும். நூலாசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஊர், பதிப்பாண்டு, பக்கம் ஆகியவை கேட்கப்படுவது அதற்காகவே. காற்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்பதில் நெறிக்கு நெறி வேறுபாடு உண்டு. ஒன்றைத் தேர்ந்து இறுதிவரை மாறாது பின்பற்றினால் போதும். அதன்பொருட்டு மாணவரை வருத்துவது வீண்.

முகவரி பயன்படும் வகையில் இருக்கவேண்டும் என்பதே முதன்மை. திருக்குறளுக்குப் பக்க எண் தருவதால் பயனில்லை. பதிப்புதோறும் பக்கம் மாறும், குறள் எண் மாறாது. புறநானூற்றுக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும் வேண்டும். உரைநடை நூலுக்கோ பக்க எண் இன்றியமையாதது. எந்தப் பதிப்பு என்று சொல்லாத பக்க எண்ணோ வழிதவறச் செய்யும். இணையப் பக்கங்கள் திருத்தப்படலாம், நீக்கவும்படலாம். ஆதலின் பார்த்த நாளையும் குறிப்பது முறை.

ஆசிரியர் பெயரை எழுதுவதில் தமிழருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மேலைநாட்டு நெறிகள் குடும்பப் பெயரை முன்வைக்கும். தமிழ்ப் பெயரின் முன்னெழுத்தோ பெரும்பாலும் தந்தை பெயரையோ ஊர்ப்பெயரையோ சுட்டுவது. முன்னெழுத்தை விரித்து எழுதினால், பட்டியல் அமைக்கும் கணினிச் செயலி தந்தையையே நூலாசிரியராக்கிவிடும். சாமிநாதையர், உ.வே. என்று இயற்பெயரை முன்வைத்து அகரவரிசைப்படுத்தும் தமிழ் வழக்கே இங்குப் பொருந்தும்.

ஒப்புமை காட்டும் மென்பொருள்கள் இன்று கல்லூரிகளில் வழக்கத்தில் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருப்பின் தண்டனை இல்லை என்கின்றன. இதனால், சொற்களை மாற்றிவிட்டால் தப்பலாம் என்றோர் எண்ணம் பரவியுள்ளது. பிறர் கருத்தைத் தன் சொல்லில் எழுதினாலும் கருத்து பிறருடையதே. அதற்கும் சான்று தருதல் கடன்.

இவற்றினும் மிகுதியாகக் காணப்படும் பிழை வேறொன்று. திறனாய்வு நூலொன்றில் கண்ட சங்கப் பாடலடியை மூலநூலிலிருந்தே எடுத்ததாகக் காட்டுவது அது. திறனாய்வு நூலின் வழியாக எடுத்தது என்று எழுதுவதில் இழிவு ஏதுமில்லை. அந்நேர்மையே கட்டுரைக்குக் காப்பு. அந்நூலில் ஒரு சீர் அச்சுப்பிழையாக இருந்தால் அப்பிழையும் கட்டுரைக்குள் குடிபுகும். மூலத்தோடு ஒப்புநோக்கும் ஆசிரியருக்கு, மாணவர் புறநானூற்றைத் திறக்கவே இல்லை என்பதை அந்த ஒரு சீரே உணர்த்திவிடும்.