கணக்குக் கேட்டால் மட்டும் தனியாரா?

தலைவர் பிரதமர், அறங்காவலர்கள் உள்துறை, பாதுகாப்பு, நிதி அமைச்சர்கள், அன்றாடப் பணிகளைக் கவனிப்பது பிரதமர் அலுவலகம். ஆயினும் 2020 மார்ச் 27 அன்று பதிவு செய்யப்பட்ட பிஎம் கேர்ஸ், அரசின் நிதியம் அன்று என தில்லி உயர்நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு தரப்பில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யப்பட்டுள்ளது!

முதல் ஐந்தே நாள்களில் அதில் 3,076 கோடி ரூபாய் குவிந்தது. தந்தவர்கள் யார்? வெளியிடப்பட்ட வரவு-செலவு அறிக்கையில் பெயர்கள் இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கும் அங்கே இடமில்லை. அறங்காவலர்கள் நியமிக்கும் தனியார் தணிக்கையாளரே போதுமாம். எல்லாம் தாமாக முன்வந்து தரப்பட்ட நன்கொடை என்பது அரசின் வாதம். பொதுத்துறை நிறுவனங்கள் கொட்டிக் கொடுத்த கோடிகள் யாருடைய பணம்? அரசிடம் கணிசமான நிதியுதவி பெறும் தொண்டு நிறுவனமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டதே என 2019இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பிரதமரே தலைமை தாங்கும் அறக்கட்டளைக்கு மட்டும் வேறு நியாயமா?

மாநிலங்களுக்கு இழைக்கப்பட்டது இன்னொரு அநீதி. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை பிஎம் கேர்ஸுக்கு அளிக்கலாம்; முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அளித்தால் அது கணக்கில் சேராது என்று பெருந்தொற்றின் நடுவே, 2020 ஏப்ரலில், கம்பெனி விவகார அமைச்சகம் அறிவித்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. தொண்டு நிறுவனங்களின் நிர்வாகச் செலவு வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டு நன்கொடை தில்லியில் உள்ள ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளைக்கே வரவேண்டும் என்றாயிற்று. வெளிப்படைத்தன்மைக்காக என்றார்கள். அந்தச் சட்டத்திலிருந்து பிஎம் கேர்ஸுக்கு முன்னரே விலக்கு அளித்தாயிற்று.